ஒன்றரை மீட்டர் நியாயம்

கிழக்கு வெளுக்கும் முன்னரே வெள்ளகோவிலைச் சுற்றியுள்ள சாலைகளில் சைக்கிள்கள் நடமாடத் தொடங்கிவிடுகின்றன. இராமுழுவதும் ஓடிய தறிகளை அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தலைமயிரில் பஞ்சுத்தூசி படிந்திருக்க, ஹேண்டில்பாரில் தூக்குப்போசி ஆட, தறிக்குடோனிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளி. கேரியரின் இருபுறமும் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு விரையும் பெரியவர். கிளுவை வேலிகளுக்கு நடுவே நெளிந்து வரும் இட்டேரியை விட்டு, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் தார்ச்சாலைக்கு ஏறிவரும் பதினொன்றாம் வகுப்பு மாணவி. இவர்கள் எவ்வழியே போனாலும், கோயம்புத்தூரையும் கரூரையும் இணைக்கும் 81ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஓரிடத்திலாவது தொட்டே தீரவேண்டியிருக்கிறது. அந்தச் சாலையிலோ நூல்மூட்டை லாரிகளும், ஜல்லி ஏற்றிய டிப்பர்களும், மில்லுக்குப் பெண்களை அழைத்துச் செல்லும் வேன்களும், பொழுது விடிவதற்குள் ஊர்போய்ச் சேர முனையும் பஸ்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருக்கின்றன.

பெரிய லாரி ஒன்று சைக்கிளை ஒட்டினாற்போலக் கடக்கும்போது நிகழ்வதை, அதை அநுபவித்தவர் எளிதில் மறப்பதில்லை. முதலில் காற்று சைக்கிளை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. வண்டியின் நீளம் கடந்து முடிந்ததும் அதே காற்று உட்புறமாக இழுக்கிறது. தள்ளப்பட்டவர் போவதற்கு இடப்புறத்தில் தாரும் மண்ணும் சந்திக்கும் விளிம்பில் ஒரு சாண் பள்ளம் இருக்கிறது. இழுக்கப்பட்டவருக்கோ பின்னால் வரும் அடுத்த வண்டி இருக்கிறது. “ஓரமாப் போ சாமி” என்று வாசலில் நின்று சொல்லியனுப்பும் தாய், தன்னால் இயன்ற பாதுகாப்பு முழுவதையும் அந்த மூன்று சொற்களில் கொடுத்துவிட்டாள். மீதியைக் கொடுக்கவேண்டியது சாலையும் சட்டமும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். விபத்துகளின் எண்ணிக்கையில், 64,105 என்ற கணக்கோடு, தமிழ்நாடே எல்லா மாநிலங்களுக்கும் முதலாவதாக நின்றது. அவ்வாண்டில் இங்கே உயிரிழந்தோர் 17,884 பேர். நாடு முழுவதும் மாண்டவர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். மோட்டார்சைக்கிளில் சென்று மடிந்தவர்களோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையென்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் சைக்கிளோட்டி எவரையும் வேகத்தால் கொல்லும் சக்தி பெற்றவரல்லர். அவருடைய மரணம் ஏறக்குறைய எப்போதும் பிறருடைய வேகத்தால் நேர்வது. ஆகவே அந்த நாலாயிரத்தைத் தனியாகவே எண்ணவேண்டும் என்பது என் கருத்து.

சட்டத்தின் கண்ணில் சைக்கிள்

1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கேற்ப, மோட்டாரினால் ஓடும் வாகனங்களுக்கான சட்டமே. சைக்கிளுக்கு அதன்கீழ் லைசென்ஸ் இல்லை, பதிவு எண் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. ஹெல்மெட் அணியவேண்டும் என்ற கட்டாயமும் மோட்டார்சைக்கிளில் செல்வோருக்குத்தான். நம்முடைய தாத்தாக்களின் காலத்தில் நிலைமை வேறு. நகராட்சிக்கு வரி கட்டி, அதற்கு அடையாளமான வில்லையைச் சைக்கிளில் பொருத்தியிருக்கவேண்டும். இருட்டியபின் விளக்கில்லாமலோ, பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ‘டபுள்ஸ்’ ஆகவோ போனால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். அந்தக் கெடுபிடியெல்லாம் மறைந்தது ஏழை ஜனங்களுக்குப் பெரிய நிவாரணந்தான். அதை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் கெடுபிடி நீங்கிய அதே காலத்தில் சைக்கிளோட்டி அதிகாரிகளின் ஏடுகளிலிருந்தும் நீங்கிவிட்டார். எத்தனை சைக்கிள்கள் எந்தச் சாலையில் எந்நேரத்தில் ஓடுகின்றன என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை. ஏட்டில் இல்லாதவருக்குச் சாலைத் திட்டத்தில் இடம் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது.

சட்டம் அவரை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிளோட்டிகள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் வண்டியோட்டிகள் விசேஷக் கவனம் செலுத்தவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஆயினும் அந்தக் கவனத்துக்கு அளவு எது? சைக்கிளை முந்தும்போது எத்தனை அடி விலகவேண்டும், எத்தனை மீட்டர் இடம் விடவேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் கூறப்படவில்லை. அளவு கூறப்படாத கடமையை மீறினார் என்று எவர்மீதும் நிரூபிப்பது கடினம். நிரூபித்தாலும், அவ்வொழுங்குமுறைகளை மீறியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவின்படி விதிக்கப்படும் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரைதான்.

பெட்டிச் செய்தி: சைக்கிளும் சட்டமும்

சைக்கிள் மோட்டார் வாகனமன்று. எனினும் பொதுச்சாலையில் பிறர் உயிருக்கு அபாயம் நேரும்படி அதை ஓட்டினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு சைக்கிளோட்டிக்கும் பொருந்தும். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைந்து, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாததாய் அமைந்து, விதிகளின் எடை வரம்புக்கும் உட்பட்ட மின்சைக்கிளுக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை.

சைக்கிளுக்கென்றே மூன்று சாலைக்குறிகள் உண்டு: சைக்கிள் கடக்குமிடம் என்று எச்சரிக்கும் முக்கோணம், சைக்கிளைத் தடைசெய்யும் சிவப்பு வட்டம், சைக்கிள் தடத்தைக் காட்டும் நீலவட்டம். சைக்கிள் தடத்தின்மேல் மோட்டார் வண்டியை ஓட்டுவது விதிமீறல்.

இருட்டும் எதிர்ப்புறமும்

வண்டியோட்டிகளின் தரப்பையும் கேட்கவேண்டும். கேளாமல் எழுதுவது தர்மமன்று. இரவில் கறுப்புச் சைக்கிளில், பின்புறப் பிரதிபலிப்பான் உடைந்தோ மண்படிந்தோ இருக்க, நிறமங்கிய சட்டை அணிந்து செல்பவரை, எதிரே வரும் வண்டியின் ஹைபீம் வெளிச்சத்தில் கண்கூசிய லாரி ஓட்டுநர் எத்தனை தூரத்திலிருந்து பார்த்துவிட முடியும்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் கண்டதைக் கால் பிரேக்கிடம் சொல்வதற்கு ஒரு விநாடி ஆகுமென்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு பஸ்ஸின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் கழிந்துவிடும். 40 கிலோமீட்டரில் ஓடும் வண்டியைக் காட்டிலும் 80 கிலோமீட்டரில் ஓடும் அதே வண்டியின் மோதும் சக்தி நான்கு மடங்கு என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். சாலையில் அது எலும்புகளின்மேல் நடக்கிற கணக்கு.

லாரி ஓட்டுநரின் களைப்பும் இதில் சேர்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. அந்த வரம்பு ஏட்டோடு நின்று, லோடு போய்ச்சேரவேண்டிய நேரம் ஒன்றே எஜமானாகிவிட்ட இரவுகளில், தூக்கம் கண்ணைச் செருகும் மனிதனிடம் ‘விசேஷக் கவனத்தை’ எதிர்பார்ப்பது யாருக்கும் நன்மை தராது. அந்த ஓட்டுநரும் கூலிக்கு உழைப்பவர்தான். தறிக்காரருக்கும் அவருக்கும் பகையில்லை.

சைக்கிள்காரர்கள் ‘ராங் சைடில்’ வருகிறார்கள் என்பது மற்றொரு முறையீடு. உண்மைதான்; அதில் அபாயம் அதிகம். ஆனால் ஏன் வருகிறார்கள்? சாலையின் நடுவில் தடுப்புச்சுவர் எழுப்பி, திரும்புமிடத்தை வெகுதூரத்தில் வைத்துவிட்டால், எதிர்ச்சாரியில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்கோ, பள்ளிக்கோ, தறிக்குடோனுக்கோ போகவேண்டியவர், மோட்டாரின் உதவியின்றித் தம் கால்களாலேயே அத்தனை தூரமும் மிதித்துப்போய்த் திரும்பிவரவேண்டும். எதிர்க்காற்று ஓங்கி வீசும் ஆடி மாதத்தில் இந்தச் சீமையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தச் சுற்றுவழி என்ன பாடு என்பது தெரியும். காருக்கு இரண்டு நிமிஷமாக இருப்பது மிதிப்பவருக்கு நெடுநேர உழைப்பு. சாலையை வரைந்தவர் அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டதன் விளைவை, நாம் சைக்கிள்காரரின் ஒழுக்கக்குறைவு என்று பெயரிட்டுவிடுகிறோம்.

விளக்கின் விஷயத்தில் அத்தகைய சமாதானம் கிடையாது. டைனமோ விளக்குகள் மறைந்தபின் அவற்றின் இடத்தில் பெரும்பாலான சைக்கிள்களில் ஒன்றுமே வரவில்லை. பிரதிபலிப்பான்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்டது. அது புதிய சைக்கிளுக்குத்தான் உதவும். இருபது வருஷங்களாக ஓடும் சைக்கிளின் பின்மட்கார்டில் ஒரு சிவப்பு ஒளிப்பட்டையை ஒட்டுவதற்குச் செலவாவது மிகச் சொற்பம். தறி முதலாளிகளும் மில்களும் பள்ளிக்கூடங்களும் இதைத் தம் செலவிலேயே செய்துவிடலாம்.

விழுந்த பிறகு

சைக்கிளோட்டியைச் சட்டம் நன்றாகக் காண்பது அவர் விழுந்த பிறகுதான். அதுவரை பெயரின்றி இருந்தவர், அப்போது மனுதாரராகவோ, இறந்தவராகவோ, ஏடுகளில் இடம் பெறுகிறார். அங்கேதான் குடும்பங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய செய்திகள் அதிகம். தெரியாமையால் இழப்பவையும் அதிகம்.

மோதிய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் இருக்கவேண்டும். சைக்கிளோட்டியே அந்த ‘மூன்றாம் நபர்’. அவர் ஒரு காசும் பிரீமியம் கட்டாமலிருந்தும் நஷ்டஈடு கோரும் உரிமை பெற்றவர். மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். அல்லது, யார் மேல் தவறு என்ற வாதத்துக்கே இடமில்லாமல், 164ஆம் பிரிவின்கீழ் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெற்றுக்கொள்ளலாம். முன்னதில் தொகை கூடக்கூடும். ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவை நிலைநாட்டவேண்டும். அப்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எழுப்பும் கேள்வி, சைக்கிளில் விளக்கு எரிந்ததா, அது எந்தப் பக்கத்தில் வந்தது என்பதே. தவறில் சைக்கிளோட்டிக்கும் பங்குண்டு என்று முடிவானால், அந்தப் பங்கின் விகிதம் தொகையிலிருந்து குறைக்கப்படும்.

அடுத்த கேள்வி, சம்பாத்தியம் எவ்வளவு என்பது. தறிக்குடோனில் வாரக்கூலி வாங்குபவருக்கும், ஞாயிறுதோறும் கூடும் முருங்கைக்காய்க் கொள்முதலுக்குத் தோட்டத்துக் காயைச் சைக்கிளில் கட்டிவருபவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? இங்கே உச்சநீதிமன்றம் இரண்டு முறை ஏழைகளுக்கு ஆதரவாகப் பேசியிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றில், காய்கறி வியாபாரி ஒருவருக்கு வருமானச் சான்று இல்லாதபோதும் மாதம் 6,500 ரூபாய் சம்பாதித்திருப்பார் என்று ஏற்றுக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் அரசியல் சாசன அமர்வு, நிரந்தர உத்தியோகமில்லாத சுயதொழில் செய்வோருக்கும் எதிர்கால வருமான உயர்வைக் கணக்கிடவேண்டும் என்றும், வயது நாற்பதுக்குக் கீழானால் அது 40 சதவீதம் என்றும் வகுத்தது. இதை அறிந்த குடும்பம் முதலில் நீட்டப்படும் சமரசத் தொகைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்திடாது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்? நெடுஞ்சாலை இருட்டில் அதிகம் அஞ்சவேண்டியது அதைத்தான். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, அடையாளம் தெரியாத வண்டியால் மரணம் நேர்ந்தால் 2 லட்சம், கொடுங்காயம் நேர்ந்தால் 50,000 ரூபாய் என்று மத்திய அரசின் திட்டம் நிர்ணயித்திருக்கிறது. அதற்கு முன்பு முறையே 25,000, 12,500 என்றிருந்த தொகைகள் இவை. விண்ணப்பம் வருவாய்த்துறை அதிகாரியிடம் போகவேண்டும், வக்கீல் தேவையில்லை. ஒரு மனித உயிருக்கு இது போதுமா என்று கேட்டால், போதாது என்றே நான் சொல்வேன். இருந்தும், இத்தொகை இருப்பதையே அறியாமல் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கும் குடும்பத்துக்கு, அறிந்திருப்பது ஒரு கைப்பிடியாகும்.

காலவரம்பு ஒன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 166ஆம் பிரிவின்கீழ் மனு விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கலாகவேண்டும். துக்கம் ஆறுவதற்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குமே ஆறு மாதம் கழிந்துவிடும் குடும்பங்களுக்கு இது மிகக் கடுமையான விதி. இதை எதிர்த்த வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. அவற்றின் முடிவை நம்பி எவரும் தாமதிக்கலாகாது.

பெட்டிச் செய்தி: விபத்து நடந்த இடத்தில்

ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், எந்த ஊர்க்காரரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவர்மீது வழக்கு வராது. 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. பெயரும் முகவரியும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

மோதிய வண்டியின் ஓட்டுநர் அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது 134ஆம் பிரிவின்படி கடமை.

விலக்குவதா, காப்பதா?

அதே 2019ஆம் ஆண்டின் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. மோட்டார் இல்லாத வாகனங்களும் பாதசாரிகளும் பொதுவிடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் நடமாடுவதைப் பற்றி, சாலைப் பாதுகாப்பின் பொருட்டு, மாநில அரசுகள் விதிகள் இயற்றலாம். தேசிய நெடுஞ்சாலையானால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்துகொள்ளவேண்டும். பலர் கவனியாத இந்த உட்பிரிவில்தான் சைக்கிளோட்டியின் வருங்காலம் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனெனில் இதே அதிகாரத்தைக் கொண்டு அவரைச் சாலையிலிருந்து துரத்தவும் முடியும், சாலையில் அவருக்கு இடம் வரையறுத்துக் கொடுக்கவும் முடியும்.

துரத்தும் வழி நம் தேசத்திலேயே பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. கல்கத்தாவில் 2013ஆம் ஆண்டில் 174 வீதிகளில் சைக்கிள் தடைசெய்யப்பட்டது. பால்காரரும் பேப்பர் போடுபவரும் கூலிக்காரரும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் அந்த எண்ணிக்கை 62 ஆகக் குறைந்தது. பெங்களூர்–மைசூர் அதிவேகச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இருசக்கர வாகனங்களும் மோட்டார் இல்லாத வாகனங்களும் அனுமதிக்கப்படுவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கென்றே கட்டிய பாதையில் சைக்கிள் கூடாதென்பதை நானும் ஒப்புக்கொள்வேன். பக்கத்தில் தொடர்ச்சியான சர்வீஸ் சாலை இருக்கும்வரைதான் அந்த ஒப்புதல். வெள்ளகோவில் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையோ அத்தகையதன்று. இதுவே ஊரின் கடைவீதி, இதுவே பள்ளிக்கூடத்து வழி, இதுவே முத்தூருக்கும் மூலனூருக்கும் பிரியும் பாதைகளின் சந்தி. இங்கே சைக்கிளை விலக்குவதென்றால் மனிதரை அவருடைய பிழைப்பிலிருந்தே விலக்குவதாகும்.

மேலும் சைக்கிளைக் கையில் கொடுத்தது நம் அரசே. 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிற்பாடு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம், வருஷந்தோறும் இளம்பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்புகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தினர், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, எழுத்தறிவோடு சஞ்சார சுதந்திரத்தையும் சேர்த்துத் தந்தார்கள். சைக்கிளால் ஒரு பெண்ணின் உலகம் எவ்வளவு விரியும் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. வண்டியைக் கொடுத்த அரசாங்கம் அது ஓடுவதற்குத் தடம் கொடுக்காதது பெருங்குறை.

தடம் எப்படி அமையவேண்டும் என்பதற்கு வழிகாட்டி இல்லாமலுமில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சைக்கிள் தடங்களுக்கான நியமங்களை 1962ஆம் ஆண்டிலேயே வெளியிட்டு, 2015இல் திருத்தியிருக்கிறது. வடிவமைப்பு நியமங்களைப் பின்பற்றாததால் சாலையில் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவு இடங்கொடுக்கிறது. வெள்ளகோவில் போன்ற ஊருக்கு நகரத்துப் பாணியில் வர்ணம் பூசிய தடம்கூட வேண்டியதில்லை. தாரோடு சமமட்டத்தில், கல்லும் குழியுமில்லாத இரண்டு மீட்டர் ஓரம் இருந்தால், “ஓரமாப் போ” என்ற அறிவுரையைக் கடைப்பிடிக்கவாவது முடியும்.

அளவு சொன்ன தேசங்கள்

பிற தேசங்களில் அளவு சொல்லிவிட்டார்கள். ஜெர்மனி 2020 ஏப்ரலில், சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் விலகவேண்டும் என்று விதித்தது. பிரிட்டன் 2022 ஜனவரியில் திருத்திய சாலைநெறி நூலில், மணிக்கு முப்பது மைல் வரையிலான வேகத்துக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் என்றும், வேகம் கூடினால் இடைவெளியும் கூடவேண்டும் என்றும் எழுதியது. யாரால் அதிகத் தீங்கு விளையக்கூடுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசைமுறையையும் அதே நூல் வகுத்தது. நெதர்லாந்து இன்னும் ஒருபடி மேலே போய், மோட்டார் வண்டி சைக்கிளோடு மோதினால் நஷ்டஈட்டுப் பொறுப்பு வண்டிக்காரருடையதே என்று தொடங்கி, அடிபட்டவர் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையானால் ஏறக்குறைய முழுப்பொறுப்பையும் அவர்மீதே சுமத்துகிறது. அந்த நாடு பிறக்கும்போதே சைக்கிள் நாடாகப் பிறந்ததன்று. 1970களில், சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடியதும் அதற்கு ஒரு காரணம்.

நம் சாலைகள் குறுகலானவை, ஒன்றரை மீட்டருக்கு இடமேது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. இடமில்லாத இடத்தில் முந்தாமல் பின்னால் பொறுத்து வரவேண்டும் என்பதுதான் அந்த விதியின் உட்பொருள். பத்து விநாடி தாமதம் லாரிக்கு நேரும். அது தாங்கக்கூடிய நஷ்டம். வேகத்தைப் பற்றி நம் நீதிமன்றமும் கவலைப்பட்டிருக்கிறது: நெடுஞ்சாலைகளில் வேக வரம்பை உயர்த்திய 2018ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது.

ஆகையால் கேட்கவேண்டியது இதுதான்: 138ஆம் பிரிவின் அதிகாரத்தைக் கொண்டு தமிழ்நாடு அரசு சைக்கிளோட்டிகளுக்குரிய தடத்தையும் ஓரத்தையும் நெடுஞ்சாலைகளில் உறுதிசெய்யும் விதிகளை இயற்றட்டும், முந்தும் இடைவெளியை மீட்டர் கணக்கில் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் சேர்க்கும்படி மத்திய அரசை வற்புறுத்தட்டும். இச்சட்டத்தின்கீழ் எந்த விதியும் முன்கூட்டியே வரைவாக வெளியிடப்பட்டு, ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்டபின்னரே அமலாகவேண்டும் என்று 212ஆம் பிரிவு கூறுகிறது. லாரி உரிமையாளர்களுக்குச் சங்கம் உண்டு, பஸ் முதலாளிகளுக்குச் சங்கம் உண்டு. தூக்குப்போசியோடு வீடு திரும்புபவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவருக்காகக் கிராமசபை தீர்மானம் போடலாம்; பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் மனுக்கொடுக்கலாம். திங்கட்கிழமைதோறும் திருப்பூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அந்த ஆட்சியரே. வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் பக்கமும் கரூர் பக்கமும் எந்தெந்த இடத்தில் ஓரம் பள்ளமாயிருக்கிறது, எங்கே பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள், எங்கே ஷிப்ட் முடிந்து தொழிலாளர் கூட்டமாக வருகிறார்கள் என்று கிலோமீட்டர்க் கல் எண்ணோடு எழுதிய மனுவை அங்கே பதிவுசெய்யலாம்.